வலை என்று தேடினால் கவலை வருகிறது

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

'தேடு' என்கிற பொத்தானை இன்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அழுத்துகிறது. ஆனால் அந்தப் பொத்தானுக்குத் தமிழ் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். நாம் கேட்கிற சொல்லை எண் வரிசையாக்கிக்கொண்டு, கோப்பில் அதே வரிசை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் காட்டும். இல்லாவிட்டால் 'கிடைக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். சொல் உண்மையிலேயே இல்லையா, அல்லது வேறு உடுப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்ற கவலை அதற்குக் கிடையாது. அந்தக் கவலை நமக்குத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இருக்கிறது. காரணம் சொல்கிறேன். நான் காசிமேட்டுக்காரன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். அப்போது வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிடம் போய் உட்கார்வது எனக்குப் பல வருடப் பழக்கம். காற்றுக்கு என்ன பெயர், நீரோட்டத்துக்கு என்ன பெயர், எந்த வலை எந்த மீனுக்கு என்று கேட்டு, அவர்கள் சொல்கிற மாதிரியே நோட்டில் எழுதிவிடுவேன். 'காற்று' என்று திருத்துவதில்லை. அவர் 'காத்து' என்றால் காத்துதான். கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவனுக்கு ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. இன்றைக்கு டீசல் இன்ஜினும் ஜிபிஎஸ்ஸும் இருக்கிற பேரனுக்கு எல்லாமே 'காத்து'தான். அவனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு அது போதும். ஆனால் என் நோட்டில் பேசியவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. அவர்களிடம் திரும்பப் போய்க் கேட்க முடியாது. ஆகவே அவர்கள் சொன்னதில் ஒரு சொல்லைத் தேடி அது கிடைக்காவிட்டால், அது தொலைந்த மாதிரிதான்.

இந்தத் தேடுகிற வேலையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம். அது தெரியாமல் இது புரியாது.

நம் முன்னோர் சொல்லைத் தேடியது மனப்பாடத்தில்தான். திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள் எல்லாம் செய்யுள். தெய்வப் பெயர் ஒரு தொகுதி, மக்கட் பெயர் ஒரு தொகுதி, விலங்கு ஒரு தொகுதி என்று பொருள் வாரியாக இருக்கும். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டுமானால் அது எந்தத் தொகுதியில் வரும் என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அதாவது, பொருள் தெரிந்தவனுக்குத்தான் பொருள் கிடைக்கும்! 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் என்பவர் சொற்களை முதல் எழுத்தை வைத்து அகர வரிசையில் அடுக்கினார். நூலின் பெயரே அகராதி நிகண்டு. 'அகராதி' என்ற சொல்லே நமக்கு அங்கிருந்து வந்ததுதான். பிறகு 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. இவர் முதல் எழுத்தோடு நிற்காமல் அடுத்தடுத்த எழுத்துகளையும் வரிசைப்படுத்தினார். இன்றைக்கு நாம் அகராதி புரட்டுகிற விதம் அவர் போட்ட பாதை.

வரிசைப்படுத்த வேண்டுமானால் எது எந்த எழுத்து என்று சந்தேகம் இருக்கக் கூடாது. ஓலைச்சுவடியில் அந்தச் சந்தேகம் நிறைய. பெரும்பாலும் புள்ளி வைக்கமாட்டார்கள். ஓலை கிழியும் என்பார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்று போல் இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். வீரமாமுனிவர் எ-ஏ, ஒ-ஓ குழப்பத்தைத் தீர்த்து வைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இந்த ர-ா விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

உ.வே. சாமிநாதையர் கதை உங்களுக்குத் தெரியும். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியில் தொடங்கியது சீவகசிந்தாமணி வேலை. 1887-இல் அச்சானது. சுவடி தேடி ஊர் ஊராக அலைந்ததைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு வியப்பு இன்னொரு விஷயத்தில். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள் வரும். எந்த நூல் என்று சொல்லமாட்டார், 'என்றார் பிறரும்' என்பதோடு முடித்துவிடுவார். அந்தப் 'பிறர்' யார் என்று கண்டுபிடிக்க ஐயர் ஒவ்வொரு சுவடியாகப் படித்து, வரியை மனத்தில் ஏற்றிக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தேடுபொறி இல்லாத காலத்தில் ஒரு மனிதரே தேடுபொறியாக இருந்திருக்கிறார். அதனால்தான் அவருடைய பதிப்புகளின் கடைசியில் அரும்பத அகராதி இருக்கும். தான் பட்ட பாட்டை அடுத்தவன் படக் கூடாது என்று கட்டிவைத்த வேலி அது. 1913-இல் சாண்ட்லர் என்ற பாதிரியாரைக் கொண்டு தொடங்கி, 1926 முதல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழகம் 1924-க்கும் 1936-க்கும் இடையில் ஆறு தொகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் இதே மரபுதான்.

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் இல்லை. ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஹியூ என்ற துறவி, கூட இருந்த துறவிகளை வைத்துக்கொண்டு பைபிளில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று அட்டவணை போட்டார். 1949-இல் ரொபர்ட்டோ புசா என்ற இத்தாலிய ஜேசு சபைப் பாதிரியார் ஐபிஎம் நிறுவனத்தின் வாசலில் போய் நின்றார். தாமஸ் அக்வினாஸ் எழுதிய லத்தீன் நூல்களில் 'இருத்தல்' என்ற கருத்தை ஆராய்ந்தவர் அவர். அந்தப் பெயர்ச்சொல்லை மட்டும் தேடினால் ஒன்றும் தேறவில்லை. நம் 'இல்' வேற்றுமை உருபு மாதிரி இருக்கிற 'இன்' என்ற குட்டிச் சொல்லைத் தேடினால்தான் விஷயம் பிடிபடும் என்று கண்டுகொண்டார். குட்டிச் சொல் ஆயிரக்கணக்கில் வருமே! துளை அட்டை இயந்திரத்தில் தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சொற்களுக்கு அட்டவணை போட்டு முடிக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அச்சில் 56 தொகுதி.

அதன்பிறகு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடம். கென் தாம்சன் என்ற நிரலாளர் 'எட்' என்று ஓர் எடிட்டர் எழுதியிருந்தார். எழுத்தை அப்படியே தேடாமல் வடிவத்தைத் தேடுகிற வசதி அதில் இருந்தது. அதாவது 'க-வில் தொடங்கி ல்-லில் முடிகிற சொல்' என்றெல்லாம் கேட்கலாம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பார்கள். 1950-களில் கிளீனி என்ற கணித அறிஞர் வைத்த பெயர். அங்கே லீ மக்மஹன் என்பவருக்கு ஒரு தேவை. ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் என்று 85 கட்டுரை, மூன்று பேர் ஒரே புனைபெயரில் எழுதியது. எது யார் எழுதியது என்று சொற்களை வைத்து ஆராய வேண்டும். கோப்பு பெரிது, எட் தாங்காது. எட்டில் இருந்த தேடல் பகுதியை மட்டும் தாம்சன் தனியே கழற்றிக் கொடுத்தார். அதுதான் கிரெப். இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் சொல்லாமல் எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்கத்தான் அவர்களுக்கும் தேடல் கருவி வேண்டியிருந்தது. கும்பகோணத்தில் ஐயர் பட்ட பாடும் அதுதானே?

மேக்ரோ என்ற சொல் எடிட்டர் உலகில் பெரிதாக வந்தது 1976 வாக்கில். எம்ஐடியில் டெக்கோ என்ற எடிட்டருக்கு ஆளாளுக்குத் தங்கள் வசதிக்கு மேக்ரோ எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் எடிட்டரில் இன்னொருவர் உட்கார முடியாத நிலை. ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஈமேக்ஸ். 'எடிட்டிங் மேக்ரோஸ்' என்பதன் சுருக்கம்.

மேக்ரோ என்றால் என்ன? வகுப்பில் 'வாய்ப்பாடு' என்று ஒரு சொல் சொன்னால் பிள்ளைகள் எழுந்து நின்று, கை கட்டி, இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து ஆரம்பிப்பார்களே, அதுதான். ஒரு பெயர், அதற்குள் பல செயல். ஒரு தடவை செய்து காட்டினால் போதும், பிறகு பெயரைச் சொன்னால் அதுவே செய்யும். கணித்தமிழ் அன்பர்கள் 'குறுநிரல்' என்கிறார்கள். நல்ல சொல். ஆனாலும் கை பழகிய பெயரையே சொல்கிறேன். நான் பயன்படுத்துவது நோட்பேட் பிளஸ் பிளஸ். 2003-இல் டான் ஹோ என்பவர் வெளியிட்டது. இலவசம். மேக்ரோ பட்டியலுக்குப் போய்ப் 'பதிவைத் தொடங்கு' என்று அழுத்தி, வேலையைச் செய்து, நிறுத்தி, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்தால் ஆயிற்று. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது. என்னிடம் படித்து இப்போது அம்பத்தூரில் வேலை பார்க்கிற ஒரு தம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடுத்தான்.

இனி நம் தமிழ். கணினியில் தமிழ் வந்த கதை ஒரு தனிப் புத்தகம். தேடலுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். முதலில் வந்தவை வெறும் எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துக்கு மேல் தமிழ் முகமூடி. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரிந்தால், கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு கணக்கு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி இலக்கியங்களை மின்பதிப்பாக்கியபோது இந்தச் சிக்கல்தான் முன்னால் நின்றது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து குவித்தார்கள். ஆனால் ஒருவர் கோப்பு இன்னொருவர் கணினியில் குப்பை. இணையத்தில் கூடிப் பேசி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இன்னும் இரண்டு பிறந்தன, தமிழ்99 விசைப்பலகையும் அங்கேதான் வந்தது. கடைசியில் எல்லாரும் போய்ச் சேர்ந்த இடம் யூனிகோடு.

யூனிகோடில் தமிழுக்கு 128 இடம், 2944 முதல் 3071 வரை. 'க' என்பது 2965. புள்ளி 3021. ஆக 'க்' என்றால் 2965-உம் 3021-உம் சேர்ந்தது. இங்கேதான் தமிழாசிரியர்களுக்குக் கோபம் வந்தது. நம் இலக்கணப்படி 'க்' தான் மூலம். அதோடு 'அ' சேர்ந்தால் 'க'. யூனிகோடில் தலைகீழ். 'க' மூலம், அதன் மேல் புள்ளி வைத்து அகரத்தைக் கழித்தால் 'க்'. இது இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக நடுவண் அரசு போட்ட இஸ்கி அட்டவணையிலிருந்து வந்த வழக்கம். எல்லா உயிர்மெய்க்கும் தனி எண் வேண்டும் என்று டேஸ்-16 என்ற குறியீட்டை வகுத்தார்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு அதையும் ஏற்றது. என் கருத்தைச் சொல்கிறேன்: கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அது வந்தபோது உலகமே யூனிகோடில் எழுத ஆரம்பித்துவிட்டது. கப்பல் போன பிறகு துறைமுகம் கட்டின மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் மால்டன் முதலியோர் யூனிகோடுக்கு முன்பே சங்க இலக்கியத்தை ரோமன் எழுத்தில் ஏற்றி வைத்துவிட்டார்கள். அதை வைத்து லேமனும் மால்டனும் 1992-இல் சங்க இலக்கியச் சொல்லடைவே வெளியிட்டார்கள். தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதாமல் விட்டார்களே என்று நமக்கு மனத்தாங்கல் வரும். ஆனால் ரோமனில் மெய் தனி, உயிர் தனி. 'மீன்' என்று தேடினால் மீன், மீனை, மீனுக்கு, மீனவர் எல்லாம் வரும். தமிழ் எழுத்தில் தேடினால் 'மீனை' வராது. ஏனென்றால் 'மீன்' என்பதில் புள்ளி இருக்கிறது, 'மீனை' என்பதில் புள்ளி போய் ஐகாரக் குறி வந்துவிட்டது. அதாவது, ரோமன் எழுத்தில் இருந்த கோப்பு தொல்காப்பியப்படி நடந்தது, தமிழ் எழுத்தில் இருக்கிற கோப்பு நடக்கவில்லை! நம் காலத்தில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ப. பாண்டியராஜா சங்க இலக்கியம் தொடங்கிப் பல நூல்களுக்குத் தமிழ் எழுத்திலேயே தொடரடைவு செய்து இணையத்தில் வைத்திருக்கிறார். அவர் சொற்களைப் பிரித்து வைத்த உழைப்பைப் பார்த்தால்தான் இந்த வேலையின் கனம் தெரியும்.

சரி, காசிமேட்டுக்கு வருவோம்.

என் நோட்டுகளில் முதல் சில, ஒரு டிடிபி கடையில் பாமினியில் அடிக்கப்பட்டவை. அடுத்தவை நானே யூனிகோடில் அடித்தவை. சிலவற்றை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கிற ஓசிஆர் மென்பொருளில் போட்டு எடுத்தேன். அம்பத்தூர் தம்பி எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கிக் கொடுத்தான். அதில் 'கொண்டல்' என்று தேடினேன். நான் எழுதியதாக நினைவிருக்கிற இடங்களில் பாதிகூட வரவில்லை.

கொண்டல் கிழக்கிலிருந்து, கடலிலிருந்து கரைக்கு வருகிற காற்று. தென்றல், வாடை, கோடை, கொண்டல் என்று திசைக்கு ஒன்றாகப் பழைய நூல்கள் சொல்கிற நான்கில் ஒன்று. சங்கப் பாட்டில் இருக்கிற சொல், எங்கள் கரையில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் வாயிலும் இருந்தது. "கொண்டலுல மரம் தள்றது சாமானியமில்ல வாத்தியாரே" என்பார் ஒருவர். எதிர்க்காற்றில் கட்டுமரத்தை அலை தாண்டித் தள்ளுவதைச் சொல்கிறார். இந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டே எல்லாச் சிக்கலையும் காட்டிவிடலாம்.

பாமினிக் கோப்பில் அது என், எஃப், ஹெச், இசட், அரைப்புள்ளி, எல், ஒய், அரைப்புள்ளி. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் உச்சரிக்கிற வரிசை. முதலில் க, அதன் பின்னால்தான் கொம்பும் காலும். ஆக எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, கொம்பை எடுத்துப் பின்னால் வைக்கவும் வேண்டும். என் முதல் மேக்ரோ அதுதான். ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ ஐகாரக் குறியோ வந்து, அடுத்து ஒரு மெய்யெழுத்து வந்தால் இரண்டையும் இடம் மாற்று. இதை ஒரு கோப்பில் ஒரே ஒரு தடவைதான் ஓட்ட வேண்டும். இரண்டாம் தடவை ஓடினால் 'கெட' என்பது 'கடெ' ஆகிவிடும். அதனால் மேக்ரோவின் கடைசி வேலையாகக் கோப்பின் தலையில் 'கொம்பு மாற்றியாயிற்று' என்று ஒரு வரி எழுத வைத்திருக்கிறேன்.

இப்போது கொம்பு பின்னால் வந்துவிட்டது. ஆனாலும் சொல் கிடைக்காது. ஏன்? யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஒகரக் குறி, 3018 என்று ஒரே எண். அல்லது க-வோடு கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டு எண். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் பல எடிட்டர்கள் எண்ணைத்தான் பார்க்கும். எண் வேறு என்றால் சொல்லும் வேறு. இரண்டாவது மேக்ரோ இந்த ஜோடிகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. கொ, கோ சுலபம். ஔகாரத்தில்தான் நிதானம் வேண்டும். பலர் 'ஔவை' என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு 'ஒள' எல்லாவற்றையும் ஔ ஆக்கினால் 'ஒளி' அணைந்துவிடும். ள-வுக்கு அடுத்து எந்தக் குறியும் வராத இடத்தில் மட்டும் மாற்று என்று சொல்ல வேண்டும்.

ஓசிஆர் கோப்பில் இன்னொரு கூத்து. துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர, ர இருக்க வேண்டிய இடத்தில் கால். 'கடலாடி' என்பது 'கடலரடி' என்று வரும். ஓலைச்சுவடியில் இருந்த அதே குழப்பம். வீரமாமுனிவரும் ஐயரும் பட்டதை இத்தனை வருடம் கழித்து இயந்திரமும் படுகிறது என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு மேக்ரோ போதாது. சந்தேகமான இடத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடு என்று மட்டும் மேக்ரோவுக்குச் சொல்லிவிட்டு, நோட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால்தான் பார்க்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு 'கொண்டல்' வந்தது. ஆனால் 'கொண்டலு', 'கொண்டலுல' வரவில்லை. 'மீனை' வராததற்குச் சொன்ன அதே காரணம். பேச்சு வழக்கில் புள்ளியில் முடிகிற சொல் குறைவு, எல்லாவற்றுக்கும் ஒரு உகர வால் உண்டு. புள்ளியை விட்டுவிட்டு 'கொண்டல' என்று தேடலாம். அப்போது 'எடுத்துக்கொண்டல்லவா' என்பதும் வந்து நிற்கும்.

இதற்குத்தான் மூன்றாவது மேக்ரோ. இது என் செல்லப்பிள்ளை. கொலோன்காரர்கள் ரோமனில் செய்ததைத் தமிழ் எழுத்திலேயே செய்வது. கோப்பை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் உயிர்மெய் எல்லாவற்றையும் மெய்யும் உயிருமாகப் பிரித்துவிடுவது. மெய்யெழுத்துக்குப் பின்னால் கால் வந்தால், காலை எடுத்துவிட்டுப் புள்ளியும் ஆ-வும் வை. விசிறி வந்தால் புள்ளியும் இ-யும் வை. இப்படி ஆ முதல் ஔ வரை 11 மாற்றல். கடைசியாக, புள்ளி இல்லாமல் மிச்சம் நிற்கிற மெய்க்கெல்லாம் புள்ளியும் அ-வும். மொத்தம் 12. உயிர் எத்தனையோ அத்தனை மாற்றல்! பதினெட்டு மெய்க்கும் ஒரே கட்டளை போதும், 216 தடவை சொல்ல வேண்டாம். ஓட்டினால் 'மீனை' என்பது 'ம்ஈன்ஐ' ஆகும். 'கொண்டலு' என்பது 'க்ஒண்ட்அல்உ'. படிக்கக் கண்ணுக்குக் கரடுமுரடாக இருக்கும், ஆனால் 'க்ஒண்ட்அல்' என்று கேட்டால் வால் எதுவாக இருந்தாலும் வந்துவிடும். இரண்டாம் வகுப்பில் 'க் கூட்டல் அ சமம் க' என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! அதையே இயந்திரத்துக்கும் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஒரு கதவைத் திறந்தால் கொசுவும் வரும். 'கடலலை' என்ற சொல்லில் 'அலை' ஒளிந்திருக்கிறது. சாதாரணத் தேடலில் கிடைக்காது. பிரித்த கோப்பில் 'அல்ஐ' என்று தேடினால் கிடைக்கும். கூடவே தலை, மலை, கலை எல்லாம் வரிசை கட்டி வரும். 'வலை' என்று தேடினால் கவலை வருகிறது, தகவலை, நாவலை, சேவலை, காவலை எல்லாம் வருகின்றன. முழுச் சொல்லாக மட்டும் தேடு என்றால் மடிவலையும் இழுவலையும் விட்டுப்போகும். அதுவும் போக, பல மென்பொருள்கள் புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அவற்றைக் கண்டதும் சொல் முடிந்துவிட்டது என்று நடுவில் வெட்டிவிடும். அதனால் 'வலை' மேக்ரோவில் வேண்டாத சொற்களின் பட்டியலையே வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று வந்து நின்றால் பட்டியலில் சேர்ப்பேன். பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

'கடல்' இன்னும் மோசம். கடற்கரையில் ல் போய் ற் ஆகிவிடுகிறது. பழைய பாட்டில் மெல்லினம் வந்தால் 'கடன்' என்றே ஆகும். அது கடலா, வட்டிக்கு வாங்கின கடனா என்று இடம் பார்த்துத்தான் தெரியும். எங்கள் பக்கம் இரண்டுக்கும் அவ்வளவு தூரம் இல்லை என்பது வேறு விஷயம். 'கடலை' என்று வந்தால் கடலைப் பார்த்தானா, கடலை தின்றானா? எந்த மேக்ரோவாலும் சொல்ல முடியாது. மெரினாவில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். ஒரு உதாரணம். காற்றை விட்டு நீரோட்டத்துக்கு வாருங்கள். எங்கள் கரையில் நீரோட்டத்தைத் 'தெண்டி', 'வன்னி' என்று சொல்வார்கள். நிகண்டு தெரிந்தவர்களிடம் வன்னி என்றால் மரம் என்பார்கள், நெருப்பு என்பார்கள், ஈழத்து ஊர் என்பார்கள். தண்ணீர் ஓடுவதைச் சொல்லமாட்டார்கள். என் கோப்பில் பிரித்துத் தேடியபோது 'வன்னி' என்று சொன்ன பெரியவர்கள் அதோடு எந்தக் காற்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள், எந்த மாதத்தைச் சொல்கிறார்கள், எந்த மீனைச் சொல்கிறார்கள் என்று வரி வரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றது. தனித்தனி வருடத்தில், தனித்தனி ஆள், ஒருவருக்கொருவர் தெரியாமல் சொன்னது. நோட்டில் இருந்தவரை அது எனக்கே தெரியாது. அதில் இருவர் இப்போது காசிமேட்டு மண்ணில் இல்லை. ஒருவர் சொன்ன மாதமும் இன்னொருவர் சொன்ன மாதமும் ஒத்துப்போகவில்லை. அதை யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். திருவொற்றியூர்க் குப்பம், எண்ணூர்க் குப்பம், பழவேற்காடு பக்கம் இருக்கிறவர்கள், வீட்டில் கட்டுமரம் ஓட்டிய தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், தெண்டி எந்தப் பக்கம் ஓடும், வன்னி எந்தப் பக்கம் ஓடும், எந்த மாதம் என்று கேட்டு எழுதுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், எழுத்துத் தமிழாக்க வேண்டாம். போனில் எந்த விசைப்பலகையில் அடித்தாலும் பரவாயில்லை, கொம்பையும் காலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். மேக்ரோ மூன்றும் வேண்டும் என்கிறவர்கள் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.